தாங்குதல் என்னும் சொல்

"அவ விருப்பப்பட்டுத்தானே மேம் போனா?"

சென்ற பருவத்தில் பெண்ணிய வாசிப்பு வகுப்பில் ஓர் ஆவணப்படம் திரையிட்டேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கடைசி வரிசையிலிருந்து வந்த முதல் கேள்வி இது. கேட்டவளின் குரலில் எதிர்ப்பு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. மணி அடித்துவிட்டதால் தப்பித்தேன். அந்த மாணவிக்கு நான் வைத்திருக்கும் பாக்கிதான் இந்தக் கட்டுரை.

படத்தின் பெயர் 'ஹார்லி அண்ட் காத்யா'. செலினா மைல்ஸ் இயக்கிய ஆஸ்திரேலியப் படம். 2023இல் விளையாட்டு ஆவணப்படத்துக்கான சர்வதேச எம்மி விருது பெற்றது. இதில் வரும் காத்யாவின் முழுப்பெயர் எகதெரினா அலெக்சாண்ட்ரோவ்ஸ்கயா. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தவர். பனித்தரையில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜோடிப் பிரிவு அவருடையது. ரஷ்யாவில் பயிற்சி பெற்று ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார். 17 வயதில் உலக இளையோர் சாம்பியன். 18 வயதில் ஒலிம்பிக். 20 வயதில் ஓய்வு. ஓய்வு பெற்ற அதே ஆண்டில், 2020 ஜூலை 18 அன்று, மாஸ்கோவில் இறந்துபோனார்.

அந்த இறப்புக்குக் காரணம் தேடும் வேலையை நான் செய்யப்போவதில்லை. ஓர் உயிர் போனதற்கு ஒற்றைக் காரணத்தைச் சுட்டிக்காட்டுவது போனவருக்கும் நியாயமில்லை, உடனிருந்தவர்களுக்கும் நியாயமில்லை. முடிவை வைத்துக்கொண்டு முழு வாழ்க்கையையும் அதற்கான முன்னுரையாகப் படிப்பதும் தவறு. அவர் வாழ்ந்த 20 ஆண்டுகள் அவருடையவை. அவற்றில் உழைப்பும் வெற்றியும் விளையாட்டும் இருந்தன. நான் கேட்க நினைப்பது அந்த வாழ்க்கையைச் சுற்றியிருந்த எல்லோரும் மதித்த ஒரு குணத்தைப் பற்றி. வலியைத் தாங்குவது எப்போது ஒரு பெண்ணின் சொந்த வலிமை? எப்போது அது மற்றவர்கள் எடுத்துச் செலவழிக்கும் முதல்?

*

இந்த விளையாட்டை நம்மில் பலர் தொலைக்காட்சியில் போகிறபோக்கில் பார்த்திருப்போம். மின்னும் உடை, இசை, புன்னகை. நடனம் என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் ஜோடிப் பிரிவு மிக ஆபத்தான குளிர்கால விளையாட்டுகளில் ஒன்று. ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கி, பல சமயம் ஒற்றைக் கையில் ஏந்தியபடி, எஃகுக் கத்திமுனைகளில் வேகமாகச் சுழன்று ஓடுகிறான். பெண்ணின் தலை பனித்தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. தலைக்கவசம் கிடையாது. இன்னோர் அசைவில் அவளைக் காற்றில் சுழற்றி எறிந்து, விழுவதற்குள் பிடிக்கிறான். மற்றொன்றில் எறிந்துவிட்டு விட்டுவிடுகிறான். அவள் மூன்று சுற்றுச் சுற்றி, தன்னந்தனியாக ஒற்றைக் காலில், பின்னோக்கி இறங்க வேண்டும். அவளுடைய எடையைப் போல் பல மடங்கு விசை அந்த ஒரு கணுக்காலில் இறங்கும். அவன் ஒரு புள்ளியில் நின்று கையைப் பிடித்துச் சுழற்ற, அவள் பனியை உரசுமளவு தலையைச் சாய்த்து வட்டமிடும் ஓர் அசைவும் உண்டு. அதற்கு 'டெத் ஸ்பைரல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாளில் பல முறை, வாரத்தில் ஐந்தாறு நாள், பல ஆண்டுகள் இதைச் செய்தால்தான் அந்த நான்கு நிமிடப் புன்னகை கிடைக்கும். பயிற்சியில் விழுவது பெரும்பாலும் பெண்தான். உயரத்தில் இருப்பவளுக்குத்தானே விழ இடமிருக்கிறது.

அமெரிக்கப் பெண்ணியத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மாரியன் யங் 1980இல் எழுதிய ஒரு கட்டுரை நம் வாசிப்பில் முக்கியமானது. ஒரு சிறுமி பந்தை எறியும்போது ஏன் தன் முழு உடலையும் பயன்படுத்துவதில்லை, ஏன் தன்னைச் சுற்றியுள்ள வெளியைத் தனதாகக் கொள்வதில்லை என்று அவர் கேட்டார். காரணம் எலும்பிலோ தசையிலோ இல்லை, தன் உடலைப் பிறர் பார்க்கும் பொருளாகவும் தானே உணரப் பழக்கப்பட்டதில் இருக்கிறது என்றார். ஜோடிப் பிரிவின் பெண்ணை இந்தக் கட்டுரையோடு வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் எழுகிறது. அவள் வெளியை முழுமையாக எடுத்துக்கொள்கிறாள். ஆண்கள் நினைத்துப் பார்க்காத உயரத்தில் பறக்கிறாள். ஆனால் பந்தை எறிபவளாக இல்லை, எறியப்படும் பந்தாக இருந்து அதைச் செய்கிறாள். அவளுடைய துணிவு உண்மையானது. அந்தத் துணிவு வெளிப்படுவதற்கு இன்னொருவரின் கை தேவைப்படும்படி விளையாட்டு அமைக்கப்பட்டிருக்கிறது.

அந்த அமைப்பு இயற்கையாக வந்ததும் அல்ல. 1964 தொடங்கி 2006 வரை நடந்த 12 குளிர்கால ஒலிம்பிக்கிலும் ஜோடிப் பிரிவின் தங்கம் சோவியத், பின்னர் ரஷ்யப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கே போனது. ஒருமுறை மட்டும், 2002இல், கனடா ஜோடியோடு பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. எழுபதுகளில் அந்தப் பள்ளியில் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. பெண் எவ்வளவு சிறியவளோ அவ்வளவு உயரம் எறியலாம். மரீனா செர்கசோவா 12 வயதில், தன்னைவிட ஆறு வயது மூத்த செர்கேய் ஷாக்ராயோடு, காற்றில் நான்கு சுற்றுச் சுழன்று உலகை வியக்கவைத்தார். 1980இல் 15 வயதில் ஒலிம்பிக் வெள்ளி, உலகப் பட்டம். இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு ரஷ்ய வட்டாரத்தில் கிண்டலாக ஒரு பெயர் உண்டு: 'ஒன்றரை'. ஆண் ஒன்று, பெண் அரை. பிறகு செர்கசோவா வளர்ந்தார். எல்லாச் சிறுமிகளும் வளர்வதுபோல வளர்ந்தார். அவ்வளவுதான், அந்த அசைவுகள் கைகூடவில்லை, ஜோடியும் நிலைக்கவில்லை. ஒரு பெண் முழு ஆளாக வளர்வதே அவள் தொழிலில் அவளுக்கு நேரும் விபத்தாகிவிடும் என்றால், அந்தத் தொழிலை யாருடைய உடலை அளவாக வைத்து வகுத்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

*

காத்யாவிடம் வருகிறேன்.

உலகப் போட்டிகளில் ஒரு நாடு ஒரு பிரிவில் அதிகபட்சம் மூன்று இடங்களையே பெற முடியும். மாஸ்கோவிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் திறமையான சிறுமிகள் ஏராளம், இடம் மூன்று. வேறு நாடுகளில் தூக்கும் வலிமையுள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள், ஜோடி சேரப் பயிற்சி பெற்ற பெண்கள் இல்லை. அதனால் ரஷ்யப் பெண்கள் பிற நாடுகளுக்காக ஆடப் போவது இந்த விளையாட்டில் வழக்கமாகிவிட்டது. சர்வதேசப் போட்டிகளில் ஆட ஜோடியில் ஒருவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தால் போதும். ஒலிம்பிக்கில் மட்டும் இருவருக்கும் இருக்க வேண்டும்.

ஹார்லி வின்ட்ஸர் சிட்னியின் மேற்குப் புறநகரான ரூட்டி ஹில்லில் வளர்ந்தவர், ஆஸ்திரேலியப் பூர்வகுடி இளைஞர். பனியே விழாத ஒரு பகுதியில், வசதி குறைந்த வீட்டிலிருந்து இந்த விளையாட்டுக்கு வந்தவர். அவருக்குத் துணை கிடைக்கவில்லை. அவருடைய பயிற்சியாளர்களான கலீனா, ஆந்திரே பச்சின் இணையர் ரஷ்யாவிலிருந்து குடியேறியவர்கள். அவர்கள் அவரை மாஸ்கோவுக்கு அழைத்துப்போனார்கள். புகழ்பெற்ற பயிற்சியாளர் நீனா மோசரின் பள்ளியில் காத்யா கிடைத்தார். 'கிடைத்தார்' என்று நானே எழுதிவிட்டதைக் கவனிக்கிறேன். அடிக்காமல் விட்டுவைக்கிறேன், அந்த ஏற்பாட்டுக்குப் பொருத்தமான வினைச்சொல் அதுதான்.

2016இலிருந்து இருவரும் சேர்ந்து ஆடினார்கள். காத்யாவுக்கு அப்போது 16 வயது, ஹார்லிக்கு 19. இருவருக்கும் பொதுவான மொழி ஏறக்குறைய இல்லை. கைகளுக்குள் ஒரு மொழி உருவானது. பேசிப் புரியாத ஒருவரின் கையை நம்பி இரண்டு மீட்டர் உயரத்தில் தலைகீழாக இருப்பது என்ன வகையான நம்பிக்கை என்று யோசித்துப் பார்க்கிறேன். நட்பு என்று சொன்னால் சிறிதாகிறது, காதல் என்று சொன்னால் பொய்யாகிறது. அதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

பலன் விரைவாக வந்தது. 2017 மார்ச்சில் தாய்பேயில் நடந்த உலக இளையோர் போட்டியில் தங்கம். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆஸ்திரேலியா அதுவரை காணாத உலகப் பட்டம். செப்டம்பரில் ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில் ஒலிம்பிக் தகுதி. அதே ஆண்டு காத்யாவுக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை. டிசம்பரில் ஜப்பானின் நகோயாவில் இளையோர் கிராண்ட் ப்ரீ இறுதிப்போட்டியில் மீண்டும் தங்கம். 2018 பிப்ரவரியில் பியோங்சாங். ஹார்லி குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஆனார். முதல் சுற்றில் 18ஆம் இடம். அடுத்த சுற்றுக்கு 16 ஜோடிகளே போக முடியும் என்பதால் அவர்களின் ஒலிம்பிக் அங்கேயே முடிந்தது.

அதன்பின் காயங்கள், உடல்நலக் குறைவு, தடைப்பட்ட பயிற்சி. 2020 ஜனவரியில் காத்யாவுக்கு வலிப்பு வந்தது. மருத்துவர்கள் வலிப்புநோய் என்று கண்டறிந்தார்கள். பிப்ரவரியில் ஓய்வு அறிவிப்பு. சிறுவயதிலிருந்து ஒரே ஒரு வேலைக்காகச் செதுக்கப்பட்ட உடல், 20 வயதில் அந்த வேலைக்கு உதவாது என்று சொல்லப்பட்டது.

இதுதான் அந்தத் தொழில் வாழ்க்கை. மொத்தம் நான்கு ஆண்டுகள்.

*

விருப்பப்பட்டுத்தானே போனாள்?

ஆம். யாரும் அவரைக் கட்டி இழுத்துப் போகவில்லை. மாஸ்கோவில் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தவருக்கு உலக மேடை திறந்தது. அவர் ஆடிய காணொளிகளைப் பாருங்கள். காற்றில் எறியப்பட்டுச் சுழன்று ஒற்றைக் காலில் இறங்கி, கைகளை விரித்து நிற்கும் அந்தப் பெண்ணின் முகத்தில் இருப்பது அடிமையின் முகபாவம் அல்ல. தன் திறமையை அறிந்த ஒருத்தியின் நிமிர்வு அது. "பாவம், அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பெண்" என்று சொல்லி அதை அவரிடமிருந்து பறித்தால், நாமும் அவரை 'அரை' என்றுதான் கணக்கிடுகிறோம். பெண்ணின் தேர்வுகளையெல்லாம் ஏமாற்றம் என்று தள்ளிவிடும் பெண்ணியம், வீட்டுப் பெரியவர்களின் குரலிலேயே பேசுகிறது.

ஆனால் மாணவியின் கேள்வியில் ஒரு மறைமுகமான அனுமானம் இருக்கிறது. உள்ளே போகும்போது கொடுத்த சம்மதம் எல்லாவற்றுக்கும் போதும் என்பது. நம் எல்லோரிடமும் இருக்கும் அனுமானம்தான் இது. நான் அதை இப்படித் திருப்பிக் கேட்கச் சொல்வேன். உள்ளே போகும் கதவு திறந்திருந்ததா என்று மட்டும் பார்க்காதே. வெளியே வரும் கதவு எப்படி இருந்தது? "என்னால் முடியவில்லை, இன்று வேண்டாம்" என்று சொல்ல என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது?

அந்த விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். காத்யா நிறுத்தினால் ஹார்லியின் ஒலிம்பிக் கனவு நிற்கும். அவருக்கு வேறு துணை உடனே கிடைக்காது. ஹார்லி நின்றால் ஒரு பூர்வகுடி இளைஞனின் வரலாற்று முதல் அடி நிற்கும். பயிற்சியாளர்களின் உழைப்பு, ஒரு நாட்டின் முதலீடு, கையில் தரப்பட்ட கடவுச்சீட்டு எல்லாம் அந்த ஒரு கணுக்காலில் வந்து நிற்கின்றன. இதில் வில்லன் என்று யாரையும் நான் காட்டவில்லை. ஹார்லியும் வயதுக்கு மீறிய சுமையோடு இருந்தவர்தான். நல்லவர்கள் பலர் சேர்ந்து, ஒவ்வொருவரும் நியாயமான ஆசையோடு, ஒரு சிறுமியின் 'முடியாது' என்ற சொல்லை விலை ஏற்றிக்கொண்டே போகலாம். யாரும் அவள் வாயைப் பொத்த வேண்டியதில்லை. அந்தச் சொல்லின் விலை அவளால் கொடுக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டால் போதும்.

15, 16 வயதில் கொடுக்கும் சம்மதம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. அது புதுப்பிக்கப்பட வேண்டிய சம்மதம் என்கிறேன். ஒவ்வொரு காயத்துக்குப் பிறகும், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், திரும்பக் கேட்கப்பட வேண்டும். 'இல்லை' என்ற பதிலைக் கேட்டுத் தாங்கக்கூடிய ஒருவர் அதைக் கேட்க வேண்டும். அந்தப் பதக்கத்தால் எந்த லாபமும் அடையாத ஒருவராக அவர் இருப்பது நல்லது.

2022 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் 15 வயது ரஷ்யச் சிறுமி கமிலா வலியேவா, தனியர் பிரிவில், ஊக்கமருந்து விவகாரத்தின் நடுவே உலகமே பார்க்க மீண்டும் மீண்டும் விழுந்து எழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஜூன் மாதம் தாய்லாந்தின் புக்கெட்டில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம், முதுநிலைப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 15இலிருந்து 17 ஆக்க முடிவெடுத்தது. ஆதரவு 100, எதிர்ப்பு 16. நல்ல முடிவு. ஆனால் வயது என்பது உள்ளே போகும் கதவின் உயரம் மட்டுமே. காத்யா ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருக்கு 18. புதிய விதி அன்றே இருந்திருந்தாலும் அவரைத் தடுத்திருக்காது. வெளியே வரும் கதவைப் பற்றி எந்த மாநாடும் வாக்கெடுப்பு நடத்தியதில்லை.

*

இனி இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலெனா பெரெஷ்னயா, ரஷ்யாவில் பிறந்தவர். லாத்வியாவுக்காக ஒலெக் ஷ்லியாகோவோடு ஆடிக்கொண்டிருந்தார். 1996 ஜனவரியில் ரீகா நகரில், பக்கம் பக்கமாகச் சுழலும் பயிற்சியில், ஷ்லியாகோவின் காலணிக் கத்தி பெரெஷ்னயாவின் மண்டையோட்டைத் துளைத்தது. அறுவை சிகிச்சைகள் நடந்தன. பேச்சு போயிற்று. சொற்களை மறுபடி கற்க வேண்டியிருந்தது. அவர் திரும்பப் பனித்தரைக்கு வந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தமாரா மஸ்க்வினாவின் பயிற்சியில், அன்டோன் சிகருலிட்ஸேயோடு சேர்ந்து, 1998 நகானோவில் வெள்ளி, 2002 சால்ட் லேக் சிட்டியில் தங்கம் வென்றார்.

தத்யானா தொத்மியானினா, 2004ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க்கில் தலைக்கு மேல் ஏந்தப்பட்ட நிலையிலிருந்து பனித்தரையில் விழுந்து நினைவிழந்தார். சில வாரங்களில் பயிற்சிக்குத் திரும்பினார். 2006 தூரினில் அவருக்கும் மக்சிம் மாரினினுக்கும் தங்கம்.

இந்த இரண்டு கதைகளையும் உலகம் எப்படிச் சொல்கிறது? எழுச்சிக் கதைகளாக. விழுந்தாள், எழுந்தாள், வென்றாள். பள்ளி மாணவிகளுக்கு உதாரணமாகச் சொல்லக்கூடிய கதைகள். நான் அவற்றை மறுக்கவில்லை. அந்தப் பெண்களின் மனவுறுதி முன் தலைவணங்குகிறேன். கேள்வி நம்மைப் பற்றியது. பெரெஷ்னயாவிடம் எதைப் புகழ்ந்தோமோ அதே குணம்தான் காத்யாவிடமும் இருந்தது. விழுந்தும் எழுவது, வலியைச் சொல்லாதது, அந்நிய நிலத்தில் தன்னை நிறுத்திக்கொள்வது. ஒரு கதை தங்கத்தில் முடிந்தது, ஒன்று மரணத்தில். முடிவு தெரிந்தபிறகு ஒன்றை எழுச்சி என்கிறோம், மற்றொன்றைச் சோகம் என்கிறோம். நடுவில், முடிவு தெரியாத நாட்களில், இரண்டையும் ஒரேபோல் கைதட்டித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாமஸ் நேகல், பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற இரு தத்துவ அறிஞர்கள் 1976இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஒரு செயலின் நன்மை தீமையை அதைச் செய்தவரின் கையில் இல்லாத விளைவை வைத்தே நாம் தீர்மானித்துவிடுகிறோம். அறத்திலும் அதிர்ஷ்டம் வேலை செய்கிறது என்றார்கள். ஊழ் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. இந்தச் சிக்கல் நமக்குப் புதிதில்லை. ஆனால் ஊழ் என்று சொல்லிக் கடந்துபோவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 'அவள் விதி' என்றதும் கைதட்டியவர்களின் பங்கு மறைந்துவிடுகிறது. காயத்தோடு ஆடும் ஒரு பெண்ணைப் புகழும்போது, அந்தப் புகழ் நல்லதா கெட்டதா என்பதைப் பத்து ஆண்டு கழித்து வரும் முடிவைக் கொண்டு நியாயப்படுத்த முடியாது. புகழும் அந்த நிமிடத்திலேயே அது சரியாக இருக்க வேண்டும்.

*

நான் சொற்களோடு வாழ்பவள் என்பதால், ஒரு சொல்லிடம் வந்து நிற்கிறேன். தாங்குதல்.

தமிழில் இந்த வினைக்கு மூன்று பொருள் வழக்கில் இருக்கிறது. தூண் கூரையைத் தாங்குகிறது: பாரத்தைச் சுமப்பது. வலியைத் தாங்குகிறாள்: பொறுத்துக்கொள்வது. 'தாங்கித் தாங்கி வளர்த்த பிள்ளை' என்கிறோமே, அங்கே அது பேணுவது, கொண்டாடுவது, மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது.

ஜோடி ஸ்கேட்டிங்கில் முதல் பொருள் ஆணுக்குப் போகிறது. அவன் தாங்குகிறான், எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டாவது பொருள் பெண்ணுக்கு. அவள் தாங்குகிறாள், யாரும் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் புன்னகையின் வேலை. மூன்றாவது பொருள் யாருக்கு? பயிற்சி அரங்கில் யாருடைய பொறுப்பு அது? பதக்கப் பட்டியலிலும் ஒப்பந்தங்களிலும் முதல் இரண்டு தாங்குதலுக்கும் இடமுண்டு. மூன்றாவதை யாரும் எழுதிவைப்பதில்லை, யாரோ ஒருவரின் நல்ல மனத்துக்கு விட்டுவிடுகிறோம். வீட்டில் அதை அம்மாக்களிடம் விட்டுவிடுவதுபோல.

இதில் நான் வெளியாள் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, தந்தை இறந்த ஒன்பதாம் நாள் பருவத்தேர்வு எழுத வந்தாள். துறை விழாவில் ஒலிபெருக்கி முன் நின்று நான் அவளைப் பெயர்சொல்லி அழைத்தேன். "இந்தப் பெண்ணைப் பாருங்கள், எப்படித் தாங்குகிறாள்" என்றேன். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பெண் இப்படி நிற்க வேண்டும் என்று மனதார நம்பினேன். அடுத்த பருவத்தில் அவள் வரவில்லை. விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உள்ளறையிலிருந்து வந்து உட்கார்ந்தாள், மெலிந்திருந்தாள். நெடுநேரம் கழித்துச் சொன்னாள்: "நீங்க அன்னைக்கு எல்லாரையும் கைதட்ட வச்சதுக்கப்புறம், எனக்கு முடியலன்னு யார்கிட்டயும் சொல்ல முடியல மேம்."

கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். அதுதான் என்னை இன்றும் விடவில்லை.

அவளுடைய வெளியே வரும் கதவை நான் புகழால் அடைத்திருக்கிறேன். அடிக்கவில்லை, திட்டவில்லை, கைதட்டினேன். காத்யாவின் கதையை வகுப்பில் காட்டியபோது என் மனதில் இருந்தது மாஸ்கோவும் சிட்னியும் மட்டுமல்ல. இந்தப் பெண்ணின் முகமும் இருந்தது. அவள் இப்போது வேறிடத்தில் படிப்பைத் தொடர்கிறாள். நலமாக இருக்கிறாள். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேர் வேண்டாம், மத்ததெல்லாம் எழுதுங்க" என்றாள்.

தாங்குவது தவறு என்று இதற்குப் பொருளில்லை. உலகம் இருக்கிற இருப்பில் பெண்கள் தாங்காமல் ஒரு நாள் நகராது. ஆனால் தாங்குதலை ஒரு பெண் தன் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம். எங்கே எவ்வளவு செலவழிப்பது, எப்போது நிறுத்துவது என்று அவளே முடிவுசெய்யலாம். மாறாக, அவளிடம் அது எல்லையில்லாமல் இருக்கிறது என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிட்டால், அந்தக் கணத்திலிருந்து அது அவளுடையதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் அவள் எவ்வளவு தாங்கினாள் என்ற அளவில் இல்லை. கீழே வைத்துவிட்டாலும் அவளுக்கு மதிப்புக் குறையாது என்ற உறுதி அவளுக்குக் கிடைத்ததா என்பதில் இருக்கிறது.

விளையாட்டுகள் மாறக்கூடியவைதான். 2022 டிசம்பரில் கனடாவின் ஸ்கேட்டிங் அமைப்பு, தன் உள்நாட்டுப் போட்டிகளில் ஜோடி என்றால் ஆணும் பெண்ணும்தான் என்பதை நீக்கி, யாராக இருந்தாலும் இரண்டு பேர் என்று விதியை மாற்றியது. இரண்டு பெண்கள் சேர்ந்து ஆடலாம். ஒரு பெண் இன்னொருத்தியைத் தூக்கலாம். உயரம் குறையலாம், சுற்றுகள் குறையலாம். 'ஒன்றரை' என்ற கணக்கு அங்கே செல்லாது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவிக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

ஆமாம்மா, விருப்பப்பட்டுத்தான் போனாள். அந்த விருப்பத்தை யாரும் சிறுமைப்படுத்த வேண்டாம். ஆனால் போன பிறகு, வலித்த ஒரு காலையில், "இன்னைக்கு எப்படி இருக்க? வேணாம்னா விட்டுடலாம்" என்று யாராவது கேட்டார்களா, கேட்டவருக்கு அவளுடைய பதக்கம் தேவைப்படாமல் இருந்ததா என்பதையும் சேர்த்துக் கேள். நாளைக்கு உன் தோழி ஏதோ ஒன்றைத் தாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், கைதட்டுவதற்கு முன் அவளிடமும் இதைக் கேள். வேண்டாம் என்று அவள் சொன்னால், ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்.

நான் உன் பக்கத்தில் உட்காராமல் போன நாள் ஏதாவது இருந்தால், அதையும் வந்து சொல்.